பழைய கோ பலகை வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள்: என்ன மரம், எப்படிச் சுத்தம் செய்வது, எதைத் தொடக் கூடாது

ஜப்பானில் பழைய சாமான் கடைக்குள் போனால், கோல்ஃப் மட்டைகளுக்கும் யாரும் வாங்காத தேநீர்க் கோப்பைகளுக்கும் நடுவில், நாலு கால் வைத்த கனத்த மரக்கட்டை ஒன்று அடிக்கடி கண்ணில் படும். மேலே கறுப்புக் கோடுகள், ஓரத்தில் தூசி. அதுதான் கோ பலகை; கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கோடுகள் வெட்டும் இடங்களில் வைத்து இருவர் ஆடும் ஆட்டத்துக்கானது. தாத்தா போன பிறகு வீட்டைக் காலி செய்யும் பேரப்பிள்ளைகளுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை. கடைக்கு வந்துவிடுகிறது.

இங்கே வேலைக்கு வந்து, கோ விளையாடப் பழகிய நம் ஆட்கள் சிலர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, இரவு பத்து மணிக்கு எனக்குப் படம் அனுப்புகிறார்கள். நான் ஆசாரி இல்லை, மர வியாபாரியும் இல்லை. பல வருஷமாகப் பலகைகளை வாங்கித் துடைத்து, சிலவற்றைப் பிழைக்க வைத்து, ஒன்றிரண்டைக் கெடுத்தும் இருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

அண்ணா, இது கோ போர்டுதானா? ஷோகி போர்டுன்னு ஒருத்தர் சொல்றாரு.

கோட்டை எண்ணுங்கள். கோ பலகையில் குறுக்கே 19, நெடுக்கே 19. கோடுகள் வெட்டும் இடம் மொத்தம் 361. ஷோகி ஜப்பானியச் சதுரங்கம். அதில் ஒரு பக்கத்துக்கு 9 கட்டம்தான், பலகையும் சின்னது. இரண்டும் ஒரே மரத்தில், ஒரே மாதிரிக் கால்களோடு வருவதால்தான் குழப்பம். கோடுகள் வெட்டும் சில இடங்களில் உள்ள கறுப்புப் புள்ளியைப் பார்த்தாலும் தெரியும்: கோ பலகையில் 9, ஷோகி பலகையில் 4.

டேப் வச்சு அளந்தேன், சதுரமாவே இல்லை. தப்பா வெட்டிட்டாங்களா?

இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். இன்றைய அளவு ஏறக்குறைய 45.5 சென்டிமீட்டர் நீளம், 42.4 அகலம். கட்டமும் அதே போலத்தான்: விளையாடுகிறவருக்கு நேராக ஓடும் திசையில் 23.7 மில்லிமீட்டர், குறுக்கே 22. தரையில் உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கும்போது நீளம் கண்ணுக்குக் குறுகித் தெரியும் அல்லவா? அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இந்தக் கூடுதல்.

உங்கள் பலகை கச்சிதமான சதுரமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அது சீனாவில் செய்த பலகையாக இருக்கும். திருப்பினால் சீனச் சதுரங்கக் கோடும் இருக்கலாம்.

அடியில நடுவுல சதுரமா ஒரு குழி வெட்டியிருக்கு. யாராச்சும் சாம்பிராணி வைக்க வெட்டினதா?

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அதற்கு ஜப்பானியத்தில் ஹெசோ, அதாவது தொப்புள் என்று பெயர். காயை வைக்கும்போது வரும் ஓசைக்கு அது உதவுகிறது என்பார்கள். கனத்த கட்டையின் நடுப்பகுதியும் காற்று வாங்கி, வெடிப்பு விழாமல் காக்கிறது என்றும் சொல்வார்கள். கால் வைத்த பலகைகளில் பெரும்பாலும் இருக்கும்; மெல்லிய மேசைப் பலகையில் இருக்காது.

ஒரு கதையும் உண்டு. ஆட்டத்துக்கு நடுவே வாய் திறந்து யோசனை சொன்னவன் தலையை வெட்டி அந்தக் குழியில் வைப்பார்களாம். கால்கள் குச்சினாஷி என்ற செடியின் காய் வடிவத்தில் செதுக்கப்பட்டிருக்கும். ‘குச்சி நாஷி’ என்றால் வாயில்லாதது. வேடிக்கை பார்ப்பவன் பேசக் கூடாது என்பதைப் பலகையே இரண்டு இடத்தில் சொல்கிறது. நம் ஊர் கேரம் போர்டுக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

கடைக்காரர் கயா மரம்னு சொன்னாரு. நம்பலாமா?

இந்தக் கேள்விதான் எல்லாக் கேள்விகளுக்கும் தாய். கயா என்பது ஜப்பானில் வளரும் ஊசியிலை மரம். மிக மெதுவாக வளரும். பலகைக்கு ஆகும் பருமன் வர நூற்றாண்டுகள் பிடிக்கும். மியாசாகி மாவட்டத்துக் கயாவுக்கு, அதன் பழைய பெயரான ஹியூகாவைச் சேர்த்து ஹியூகா கயா என்று தனி மதிப்பு. அதனால் கயா அல்லாததெல்லாம் கயா என்ற பெயரில் ஓடிவருகிறது.

முதலில் நிறம். கயா புதிதில் வெளிர்மஞ்சள்; பழகப் பழகத் தேன் நிறமாகும். கட்சுரா என்ற மரத்தில் செய்த பலகைகள் பழுப்பாக, கொஞ்சம் செம்மை கலந்து இருக்கும், ரேகை மங்கல். சாதாரண ஜப்பானிய வீடுகளிலிருந்து வரும் கால் வைத்த பலகைகளில் நிறைய கட்சுராதான். அகதிஸ் என்று தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வரும் மரம் ஒன்று உண்டு. அதில் ரேகையே இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும். அடுத்து ஷின்கயா, அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஜன்னலோரத்தில் முப்பது வருஷம் கிடந்த எந்த மரமும் தேன் நிறமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வாசனை. மேல்பக்கத்தை முகர்ந்து பயனில்லை. பழைய தூசியும் புகையிலையும்தான் மணக்கும். தொப்புள் குழிக்குள் மூக்கை வையுங்கள். கால் கழலும் என்றால் கழற்றி, அது செருகியிருந்த பொந்தை முகருங்கள். அங்கே காற்றும் வெளிச்சமும் படாமல் இருந்ததால் மரத்தின் மணம் மிச்சமிருக்கும். கயாவுக்கு லேசான, இனிப்பான ஒரு மணம் உண்டு. கட்சுராக் கட்டை ஏறக்குறைய மணக்கவே மணக்காது. வேடிக்கை என்னவென்றால், இலையுதிர் காலத்தில் கட்சுரா மரத்தின் உதிர்ந்த இலை காய்ச்சிய சர்க்கரைப் பாகு போல மணக்கும்.

தூக்கிப் பார்த்தா செம கனம். கனமா இருந்தா கயாதானே?

கனமாக இருந்தால் பெரிய கட்டை என்று அர்த்தம், அவ்வளவுதான். கயாவின் அடர்த்தி தண்ணீரில் பாதியை விடச் சற்றே கூடுதல். கட்சுராவும் ஏறக்குறைய அதே அளவுதான். 15 சென்டிமீட்டர் கனமுள்ள பலகை கால் இல்லாமலே 15 கிலோவை ஒட்டி வரும், இந்த இரண்டில் எந்த மரமானாலும். கையில் தூக்கி இரண்டையும் பிரித்துச் சொல்கிறவரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வேற உறுதியான சோதனை ஏதாவது இருக்கா? கையில் லென்ஸ் இருக்கு.

இருக்கிறது, பத்து மடங்கு லென்ஸ் போதும். பார்க்க வேண்டிய இடம் மேல்பக்கம் இல்லை. மரத்தின் குறுக்குவெட்டு தெரியும் முகம். விளையாடுகிறவர்கள் இருவருக்கும் எதிரே இருக்கும் பக்கங்கள்தான் அவை. ஆண்டு வளையங்கள் வில் வில்லாகத் தெரியும். ஒரு காசு அளவு இடத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்.

வளையத்துக்குள் ஊசியால் குத்தியது போல எண்ணற்ற நுண்துளைகள் சீராகப் பரவியிருந்தால் அது அகன்ற இலை மரம்; பலகை என்றால் பெரும்பாலும் கட்சுரா. துளையே இல்லாமல் வழுவழுவென்று வளையம் மட்டும் இருந்தால் ஊசியிலை வகை: கயா, ஸ்ப்ரூஸ் (ஷின்கயா என்ற பெயரில் விற்பது), அகதிஸ் எல்லாம் இதில் வரும். இப்போது இன்னும் கவனமாகப் பாருங்கள். வளையத்தின் கருத்த பகுதியை ஒட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய பொட்டுகள் தெரிந்தால் அவை பிசின் குழாய்கள். ஸ்ப்ரூஸில் அது உண்டு, கயாவில் கிடையாது. அகதிஸில் வளையமே மங்கல். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, நெருக்கமான தெளிவான வளையமும், பொட்டு இல்லாத வெட்டும், குழிக்குள் மணமும் சேர்ந்து நின்றால் கயா என்று சொல்லலாம்.

சீனாவின் யுன்னான் பக்கமிருந்தும் கயாவின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று பலகையாக வருகிறது. அதையும் ஜப்பானியக் கயாவையும் லென்ஸ் பிரித்துக் காட்டாது.

ஷின்கயான்னா கயாவுல ஒரு வகைதானே?

இல்லை. ‘ஷின்’ என்றால் புதிய. புதிய கயா என்று பெயர் வைத்து விற்கும் ஸ்ப்ரூஸ் மரம். வட அமெரிக்கா, அலாஸ்கா பக்கத்தது. கயா குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊரில் எந்த ஊர் மல்லியையும் மதுரை மல்லி என்று கூவி விற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் கயாவைச் சொல்ல ‘ஹொன்கயா’ என்பார்கள்.

நானே இதில் ஏமாந்தேன். ஒரு கடையில் அட்டையில் கயா என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து விலைச் சீட்டை உரித்தால், அடியிலிருந்து ‘ஷின்’ எட்டிப் பார்த்தது. அதற்காக அது கெட்ட பலகை என்று சொல்ல மாட்டேன். வெளிர்நிறமாக, பளிச்சென்று இருக்கும். விளையாடப் பழகுகிறவருக்குத் தாராளமாகப் போதும். கயா விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

ஒரே கட்டையா, ஒட்டினதா? கண்ணுக்குத் தெரியலையே.

மேலே சொன்ன அதே குறுக்குவெட்டு முகத்துக்குப் போங்கள். வில்லாக வரும் வளையம் ஓரிடத்தில் சட்டென்று நின்று, வேறு வில் வேறு பக்கம் வளைந்து ஆரம்பித்தால் அங்கே ஒட்டு இருக்கிறது. ஒட்டிய பலகைகளில் இது மூன்று நான்கு இடத்தில் வரும். ஒட்டியது மட்டம் என்று அர்த்தமில்லை. முறுக்கிக்கொள்ளாமல் நிற்பதில் ஒட்டுப் பலகை சில சமயம் ஒரே கட்டையை விடத் தேவலாம்.

ஏமாற்று வேலையும் உண்டு: நல்ல மரத்தின் மெல்லிய தகட்டை மேலே ஒட்டிவிடுவது. அதற்கு மேல்பக்க விளிம்பில் ஒரு ரேகையைத் தேர்ந்தெடுத்து, விளிம்பைத் தாண்டிக் குறுக்குவெட்டில் அது எங்கே இறங்குகிறது என்று விரலால் பின்தொடருங்கள். ஒரே கட்டையானால் மேலே உள்ள ஒவ்வொரு ரேகைக்கும் பக்கத்தில் ஒரு வளையம் தொடர்ச்சியாக இருந்தே தீரும். தொடராவிட்டால் தகடு.

ரேகை நேரா போனா ஒசத்தி, வளைஞ்சா மட்டம்னு சொல்றாங்க. நிஜமா?

விலைக்கு நிஜம். மேல்பக்கத்தில் ரேகை இணைகோடுகளாக ஓடினால் மசமே. மலைமலையாக, தீச்சுடர் போல வளைந்தால் இதமே. மசமேயிலும் மேலும் கீழும் நேர் ரேகை வந்தால் ஒரு படி ஒசத்தி, நாலு பக்கமும் வந்தால் அதற்கும் மேல்.

காரணம் கணக்குதான். 42 சென்டிமீட்டர் அகலத்துக்கும் ரேகை நேராக வர வேண்டுமென்றால், மரத்தின் மையத்திலிருந்து பட்டை நோக்கி அவ்வளவு தூரம் வைரம் பாய்ந்த கட்டை வேண்டும். மையத்தையும் வெளிப்பக்க வெண்மரத்தையும் கழித்துவிட்டால், அடிமரம் ஒரு மீட்டர் விட்டத்தை ஒட்டியாவது இருக்க வேண்டும். அந்த மாதிரிக் கயா இப்போது எத்தனை நிற்கும்? விளையாடும்போது என்ன வித்தியாசம் என்று கேட்டால், நேர் ரேகை கோடுகளோடு சேர்ந்து போவதால் கண்ணுக்குத் தொந்தரவில்லை. எனக்கென்னவோ இதமே பலகையில்தான் ஒரு மரத்தைப் பார்த்த திருப்தி.

இது எத்தனை வருஷப் பழசுன்னு சொல்ல முடியுமா?

படத்தைப் பார்த்து முடியாது. வளையத்தை எண்ணினால் மரத்தின் வயதில் ஒரு பகுதி தெரியும்; பலகையின் வயது தெரியாது. பெட்டியோ மூடியோ கூட வந்திருந்தால் அதன் உள்பக்கம் தேதி எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒரு தடவை “எடோ காலத்துப் பலகையா, நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பழசா?” என்று கேட்டு வந்த படத்தில், காலுக்கு அடியில் பார்கோடு ஒட்டியிருந்தது.

கோடு கையால போட்டதா, அச்சடிச்சதான்னு எப்படிப் பார்க்கிறது?

கண்ணை மூடிக்கொண்டு நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். உருஷி என்ற மரப்பாலில் போட்ட கோடு நூல் ஓட்டியது போலத் துளி மேடாக இருக்கும். ஒவ்வொரு கோட்டிலும் நகம் தடுக்கும். அச்சில் அடித்தது மரத்தோடு மட்டமாக இருக்கும்.

உயர்ந்த பலகைகளில் கோடு போடும் முறைக்குத் தாச்சிமோரி என்று பெயர். கூரில்லாத வாளின் விளிம்பில் உருஷியைப் பூசி, பலகை மேல் இறக்கி, ஒரே மூச்சில் ஒரு கோட்டைப் பதித்துவிடுவார்கள். இப்படி 38 தடவை. லென்ஸில் பார்த்தால் கோட்டின் இரு ஓரமும் கூர்மையாக, நடுவில் மெல்லிய பளபளப்போடு இருக்கும். சில கோடுகளின் முனையில் ஒரு மயிரிழை கூடுதலாகவோ குறைவாகவோ நிற்கும். அந்த மயிரிழை வித்தியாசத்தைக் கண்டால் சந்தோஷப்படுங்கள், அதுதான் கை. எல்லா முனையும் துளி பிசகாமல் ஒரே மாதிரி நின்றால் இயந்திரம்.

சரி, வாங்கி வந்தாச்சு. முதல்ல என்ன செய்யணும்?

ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டு மூன்று வாரம் சும்மா வையுங்கள். குளிர்ந்த கிடங்கில் கிடந்த கட்டை உங்கள் அறைக் காற்றுக்குப் பழக வேண்டும். ஏசி காற்று நேரே அடிக்கும் இடம், ஹீட்டர் பக்கம், வெயில் விழும் ஜன்னல் மூன்றும் கூடாது. வெயில் மரத்தை மட்டுமல்ல, உருஷியையும் அரிக்கும்.

அந்த நாட்களில் செய்ய ஒரே வேலை, உலர்ந்த பருத்தித் துணி. நன்றாகத் துவைத்துப் பழகிய வேட்டித் துணி இருந்தால் அதைவிடச் சிறந்தது கிடையாது. ரேகை ஓடும் திசையில், அழுத்தாமல், தினம் ஐந்து நிமிஷம். பாதிப் பலகைகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. ஆனால் இதைக் கேட்டால் யாருக்கும் திருப்தி வருவதில்லை.

துடைச்சும் அழுக்கு போகலை. ஈரத்துணி, ஸ்பிரிட், தின்னர் எதைப் போடலாம்?

தின்னரும் ஸ்பிரிட்டும் வேண்டாம். காய்ந்து இறுகிய உருஷி அதைத் தாங்கலாம். அச்சு மை தாங்காது. உங்கள் கோடு எது என்று தீர்மானமாகத் தெரியாதவரை அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். மேலே பூசியிருக்கும் மெழுகும் திட்டுத் திட்டாகப் போய்விடும்.

ஈரத்துணி என்றால், பிழிந்து பிழிந்து இனிச் சொட்டே வராது என்ற நிலையில் உள்ள துணி. முதலில் அடிப்பக்கத்தில் சோதியுங்கள். ஒரு கையளவு இடத்தை ஒரு இழுப்பு, உடனே உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு. அதற்கும் போகாத தேநீர் வட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். காய்கள் நிறையும்போது அது யார் கண்ணிலும் படாது. வெள்ளைப் பூஞ்சையானால் வெளியில் கொண்டு போய் மென்மையான பிரஷ்ஷால் தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள். வீட்டுக்குள் தட்டினால் எல்லா இடமும் பரவும்.

தேங்காயெண்ணெய் இல்லேன்னா லின்சீட் போட்டா பளபளன்னு ஆகுமே?

ஒரு நாள் பளபளக்கும். குறுக்குவெட்டு முகம் எண்ணெயை உறிஞ்சிக் கருக்கும், மேல்பக்கம் அவ்வளவாக உறிஞ்சாது. பலகை இரண்டு நிறமாகிவிடும். பிறகு பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், காயிலும் கையிலும் ஒட்டும். கயாவுக்கு அதன் எண்ணெய்ச் சத்தே போதும். நம் வீட்டு ஊஞ்சல் பலகைக்குப் போட்ட பழக்கத்தில் இதற்கும் போட்டவர்கள் இருவர், எப்படி எடுப்பது என்று அடுத்த மாதம் கேட்டார்கள். முழுதாக எடுக்க முடியாது.

ஜப்பானில் பழைய வழக்கம் இபோத்தா மெழுகு. ஒரு வகைப் பூச்சி செடியில் சுரக்கும் வெள்ளை மெழுகு அது. பொடியைத் துணியில் முடிந்து லேசாகத் தட்டி, வேறு துணியால் நன்றாகத் தேய்ப்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறை செய்தாலே அதிகம்.

பக்கத்துல ஒரு வெடிப்பு இருக்கு. பெருசாகுமா? ஃபெவிகால் ஊத்தவா?

ஊற்றாதீர்கள், தயவு செய்து. மரத்தின் ஈரம் குறுக்குவெட்டு முகம் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். ஓரம் முதலில் சுருங்கும், உள்ளே சுருங்காது, நடுவில் பிளந்துவிடும். பலகை செய்கிறவர்கள் கனத்த கயாக் கட்டையை வருஷக் கணக்கில் நிழலில் வைத்து உலர்த்துவதும், அந்த முகங்களில் மெழுகு பூசி அடைப்பதும் இதற்காகத்தான்.

டோக்கியோவில் பனிக்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் திறக்கும் வெடிப்பு, மழைக்காலத்தில் தானே மூடிக்கொள்ளும். கயாவுக்கு இந்த மீளும் குணம் அதிகம். நான் வைத்திருக்கும் ஒரு பலகையில் ஜனவரியில் விசிட்டிங் கார்டு நுழையும்; ஜூனில் நுழையாது. பசை ஊற்றி அடைத்திருந்தால் ஜூனில் மூட இடமில்லாமல் மரம் வேறு இடத்தில் பிளந்திருக்கும். பென்சிலால் வெடிப்பு முடியும் இடத்தை அடிப்பக்கமாக லேசாகக் குறித்து, தேதி போட்டு, ஒரு வருஷம் பாருங்கள். குறியைத் தாண்டி ஓடினால், அல்லது வெடிப்பு மேல்பக்கக் கோடுகளுக்கு நடுவே வந்தால், பலகை செய்கிறவரிடம் காட்ட வேண்டிய நேரம். அவர்கள் அதே மரத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத் துண்டு வெட்டி வெடிப்புக்குக் குறுக்கே செருகுவார்கள்.

மேல்பக்கம் பூரா குட்டிக் குட்டிப் பள்ளம். அயர்ன் பாக்ஸும் ஈரத்துணியும் வச்சா எழும்புமாமே?

வெறும் மரத்தில் எழும்பும், உண்மைதான். கோட்டுக்கு மேல் செய்தால் மரத்தோடு கோடும் நெளியும். உங்கள் பள்ளம் எல்லாம் கோடுகள் வெட்டும் இடத்தில்தானே இருக்கிறது? அது காய் விழுந்த தடம். நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காயைப் பிடித்துப் பல வருஷம் ஒருவர் ‘டக்’ என்று வைத்திருக்கிறார். மூலைப் புள்ளிகளைச் சுற்றி அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும், ஆட்டம் அங்கேதானே தொடங்குகிறது? கயாவில் இது ஓரளவு தானாகவே எழும்பும்; அந்த மென்மையான மீட்சிக்காகத்தான் அதைத் தேடுகிறார்கள். விட்டுவிடுங்கள்.

முழுசா இழைச்சுட்டு, புதுசா கோடு போட்டுட்டா?

முடியும். ஜப்பானில் பலகை செய்கிறவர்களே இந்த வேலையை எடுத்துக்கொள்கிறார்கள்: இழைப்புளியால் மேல்பக்கத்தைச் சில மில்லிமீட்டர் சீவி, மறுபடி உருஷிக் கோடு போட்டு, மெழுகிட்டுத் தருவார்கள். கனத்த கயாப் பலகைக்கு இந்தச் செலவு தகும். ஷின்கயாவுக்கும் மெல்லிய கட்சுராவுக்கும், அந்தக் காசில் இன்னொரு பலகையே வாங்கலாம்.

நீங்களே செய்வதென்றால் இரண்டு எச்சரிக்கை. சுற்றும் உப்புத்தாள் இயந்திரம் ஓரங்களை உருட்டிவிடும். நாலு ஓரமும் தாழ்ந்த பலகையில் காய் சாய்ந்து நிற்கும். இரண்டாவது உருஷி. ஈரமான உருஷி தோலில் பட்டால் சேங்கொட்டைப் பால் பட்டது போலக் கொப்பளிக்கும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்தான். வண்ணார் துணியில் குறி போட்ட அந்தச் சேங்கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, அது காற்றில் காய்வதில்லை. ஈரப்பதம் நிறைந்த, வெதுவெதுப்பான இடத்தில்தான் இறுகும். காயவில்லையே என்று வெயிலில் வைத்தவர் கோடு பல நாள் பிசினாகவே இருந்தது. கையால் போடத்தான் வேண்டும் என்றால், வரைபடம் போடும் பழைய இரட்டை அலகுப் பேனாவும் கறுப்பு அக்ரிலிக் மையும் எடுத்து, முதலில் கழிவுக் கட்டையில் 38 கோடு போட்டுப் பழகுங்கள்.

அடிப்பக்கம் பிரஷ்ல ஏதோ எழுதியிருக்கு, மங்கலா. தேச்சுட்டா சுத்தமாயிடுமா?

கையை எடுங்கள்! அது பலகை செய்தவர் பெயராக இருக்கலாம், பரிசளித்த நாளாக இருக்கலாம், தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் எழுதித் தந்த வாசகமாகவும் இருக்கலாம். என் இரண்டாவது பலகையில் நான் அதைத்தான் செய்தேன். பழைய அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டு, பாதி தேய்த்த பிறகுதான் வளைவுகள் எழுத்து என்று புரிந்தது. மிஞ்சியது ஒரு வருஷமும் ஒரு கையெழுத்தின் வாலும். யாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

படம் எடுங்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து இரண்டு மூன்று கோணத்தில். மங்கிய மையைச் செல்போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றி அழுத்தத்தைக் கூட்டினால் பெரும்பாலும் படிக்க வரும். பிரபலமானவர் பெயர் வந்துவிட்டால் உடனே துள்ளவும் வேண்டாம். எழுத்து போலியாகவும் இருக்கும்.

என் போர்டுல 9 புள்ளி இல்லை, 17 இருக்கு! இது என்ன?

இந்தக் கேள்வி ஒரே ஒரு முறைதான் வந்தது. ஆனாலும் சேர்க்காமல் இருக்க மனம் வரவில்லை. கொரியாவில் ‘சுஞ்சாங் படுக்’ என்று பழைய ஆட்டமுறை உண்டு. அதில் ஆட்டம் தொடங்கும் முன்பே 16 காய்களைக் குறித்த இடங்களில் வைத்துவிடுவார்கள். அந்த இடங்களும் நடுவும் சேர்ந்து 17 புள்ளி. அந்தப் பலகைகள் கட்டையாக இல்லாமல் உள்ளே கூடாக, கம்பி கட்டியும் செய்யப்பட்டன. காயை வைத்தால் வீணை போல ரீங்கரிக்கும். உங்கள் பலகையைத் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் கேட்டால் தொடாமல் நிபுணரிடம் கொண்டு போங்கள்.

நாராவில் தோதாய்ஜி கோயிலை ஒட்டிய ஷோசோயின் கருவூலத்திலும் 17 புள்ளிகளோடு ஒரு பலகை இருக்கிறது. ஷோமு பேரரசர் பயன்படுத்திய பொருட்களை 756-இல் அரசி கோம்யோ காணிக்கையாக்கியபோது சேர்ந்தது. செஞ்சந்தன வகை மரத்தில் தந்தம் இழைத்து, காய் வைக்க இரண்டு பக்கமும் இழுப்பறை வைத்தது. ஒருவர் தன் பக்கத்து இழுப்பறையைத் திறந்தால் எதிராளியின் இழுப்பறையும் தானே திறக்கும்.

கால் ஒண்ணு ஆடுது.

காலின் தலையில் உள்ள முளை, பொந்துக்குள் இறுகி நிற்பதுதான் அமைப்பு. மரம் சுருங்கியதால் தளர்ந்திருக்கும். பசை வேண்டாம். கையால் செய்த மெல்லிய காகிதத்தை முளையில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகுங்கள். நான்கு காலையும் கழற்றினால் எந்தக் கால் எந்தப் பொந்து என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள், மாறினால் பொருந்தாது. பலகையைக் காலைப் பிடித்து இழுக்கவும் கூடாது.

ஊசி முனை மாதிரி ஓட்டை, கீழ மாவு கொட்டுது.

உளுக்கிறது. கயாவில் அரிது, மற்ற மரங்களில் வரும். மாவு புதிதா என்று பார்க்க, துடைத்துவிட்டு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் வையுங்கள். மறுபடி மாவு விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. மற்ற மரச் சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள். விழாவிட்டால் அது பழைய கதை.

கூடவே காயும் வந்துச்சு. வெள்ளைக்காய் சிப்பியா, கண்ணாடியா?

வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சிப்பியானால் ஒரு முகத்தில் மெல்லிய வரிகள் வரிசையாகத் தெரியும். சிப்பிக் காய்க்குப் பெயர் போனது ஹியூகா கடற்கரை, கறுப்புக்கு வகாயாமா பக்கத்து நாச்சிக் கல். இன்றைக்குச் சிப்பி பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வருகிறது. கறுப்புக் காய் வெள்ளையை விடத் துளி பெரிது என்று பதற வேண்டாம். வெள்ளை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பப் போறேன். சென்னைக்கு எடுத்துட்டுப் போனா தாங்குமா?

மரத்துக்குச் சென்னையின் ஈரக் காற்று, ஹீட்டர் போட்ட டோக்கியோ அறையை விடப் பிடித்தமானதுதான். பகலெல்லாம் புழுக்கம், இரவெல்லாம் ஏசி என்று மாறி மாறி வருவதுதான் ஆபத்து. ஏசி இல்லாத அறையில், சுவரை ஒட்டாமல், கிரி என்ற லேசான ஜப்பானிய மரத்தில் செய்த மூடி இருந்தால் போட்டு வையுங்கள். இல்லையென்றால் கனத்த பருத்தித் துணி போதும். பாலித்தீனில் கட்டி வைத்தால் பூஞ்சை நிச்சயம். வெறுந்தரையில் வைக்காதீர்கள்; கயாவைப் பூச்சி அரிப்பது அரிது என்பார்கள், ஆனால் நம் ஊர்க் கரையான் அதைக் கேட்டிருக்காது.

18 சென்டிமீட்டர் கனமுள்ள கயாப் பலகை கால் இல்லாமலே 18 கிலோ வரும். ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்ற டிக்கெட்டில் பலகையும் சுற்றும் போர்வையும் போனால் வேறெதற்கும் இடமில்லை. கால்களைக் கழற்றி, குறித்து, கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் அப்படிப் போனபோது ஸ்கேனில் பார்த்துவிட்டு, நாலு காலையும் மேசையில் வரிசையாக அடுக்கி, “இது என்ன பூசணிக்காயா?” என்று கேட்டிருக்கிறார்கள்.